எங்களுக்கு இருக்கிறது, பிள்ளைக்கு?

கே: எனக்கு எச்.ஐ.வி. ஆறாவது வாரச் சோதனையில் குழந்தைக்கு இல்லை என்று வந்துவிட்டது. பிறகும் ஏன் வரச் சொல்கிறார்கள்?

ப: குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதே, அதனால்தான். பால் வழியாகவும் தொற்று போகலாம். 6, 12 மாதங்களில் சோதனை உண்டு. 18 மாதத்தில் பார்ப்பதுதான் முடிவானது. அதற்கு முன் வெளி லேபில் சாதாரண எதிர்ப்பொருள் சோதனை (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடும் சோதனை) எடுத்து, பாசிட்டிவ் என்றதும் அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. அது உங்கள் உடம்பிலிருந்து போன எதிர்ப்பொருளாகவே இருக்கலாம். நீங்கள் மாத்திரையை ஒருநாளும் விடாமல் போடுவதுதான் பிள்ளைக்குப் பெரிய காப்பு.

கே: மகளுக்கு 2 வயது, தொற்று இல்லை. ‘அம்மா’, ‘தா’ தவிரப் பேச்சு இல்லை. "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார்.

ப: மாமியார் சொல்வது இருக்கட்டும், நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அனுப்பி வைப்பார்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பகல் முழுக்க அவளிடம் யார் பேசுகிறார்கள்? ஊர் பேச்சுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளில் பிள்ளைக்குத் துணை டிவிதான். அம்மாவுக்கோ மனசே சரியில்லை. உங்கள் வீடும் அப்படியென்றால், எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். அம்மா தேறினால் பிள்ளையின் பேச்சுக்கும் அது உதவும்.

கே: எல்.கே.ஜி. சேர்க்கையில் அப்பாவின் நோயைச் சொல்ல வேண்டுமா?

ப: வேண்டாம். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றுள்ளவரோடு ஒரே வீட்டில் வாழ்பவரையும் காக்கிறது. அப்பாவின் நோயைக் காட்டி சீட் மறுக்க முடியாது.

கே: "தினமும் என்ன மாத்திரைம்மா?" என்கிறான் 5 வயது மகன்.

ப: "அம்மா உடம்பு நல்லா இருக்க இது தினமும் வேணும்" என்றால் இப்போதைக்குப் போதும். மிட்டாய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எடுத்துத் தின்றுவிடுவான். நோயின் பெயரைப் பள்ளி வயதில், அவன் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். எப்படித் தொடங்குவது என்று திணறினால் அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.