காயவைத்தாலும் நஞ்சு போகாதுங்க

வணக்கங்க. மழையில் நனைந்த மக்காச்சோளத்தைக் காயவைத்துக் கோழிகளுக்குப் போட்டீர்கள், மூன்று வாரத்தில் முட்டை பாதியாகிவிட்டது, செத்த கோழியை அறுத்தால் ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது என்கிறீர்கள். எனக்கு அஃப்ளடாக்சின் மேல்தான் சந்தேகம், அதாவது தானியத்தில் பிடிக்கும் பூஞ்சை விடுகிற நஞ்சு. அந்த ஈரல் தொட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்ததா?

வெயிலில் காய்ந்தால் பூஞ்சை வளர்வது நிற்கும். அது ஏற்கெனவே விட்ட நஞ்சு அப்படியே கிடக்கும், வேகவைத்தாலும் போகாது. அந்த மூட்டைகளை இன்றே நிறுத்துங்கள். நல்ல சோளத்தோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நானும் ஒருமுறை கணக்குப் போட்டுத்தான் கெட்டேன். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் இறங்கும்.

நஞ்சு மூட்டை முழுக்க ஒரே சீராக இருக்காது. மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்தில் கொடுங்கள்.

இன்னொன்று, இந்த நஞ்சு எதிர்ப்புச் சக்தியையும் அடிக்கும். தடுப்பூசி போட்டும் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய் வரலாம். முட்டை குறைய அதுவும் காரணமாக இருக்கக்கூடும், அதனால் மருத்துவரிடம் ஒரு கோழியையாவது காட்டிவிடுங்கள். தீவனத்தில் கலந்து நஞ்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் எவ்வளவு போடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அடுத்த லோடு சோளம் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இறக்காதீர்கள்.