மெரினாவுக்கு மணல், ராயபுரத்துக்குக் கருங்கல்

கேள்வி: சென்னையின் தலையெழுத்தை மாற்றிய ஆண்டு எது? பள்ளியில் படிக்கும் என் மகன் 1639 என்கிறான்.
– தண்டையார்பேட்டை வாசகி

பையனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கோட்டை கட்ட அனுமதி வாங்கியது அந்த ஆண்டுதான். ஆனால், ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்த என்னைக் கேட்டால், துறைமுகம் கட்டத் தொடங்கிய 1870களைத்தான் சொல்வேன்.

அதற்கு முன் கப்பல்கள் கரையை நெருங்க வழியில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையோடு மல்லுக்கட்டி ஆளையும் சரக்கையும் இறக்கும். எத்தனை பெரிய துரையானாலும் நனையாமல் கரையேறுவது கஷ்டம். துறைமுகச் சுவர்களை 1881இல் புயல் சிதைத்தது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள்.

பிறகு நடந்ததுதான் எங்கள் பேட்டையின் கதை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வரத்து குறைந்தது, அலை மட்டும் ஓயவில்லை. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரிந்துகொண்டே போக, கருங்கல்லைக் கொட்டிக் கொட்டிக் கடலை நிறுத்தி வைத்திருக்கிறோம். தெருமுனையிலேயே கடல் இருந்தும், பேரப்பிள்ளைகளை மணலில் விளையாட விட வேண்டுமென்றால் நான் மெரினாவுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. மெரினாவின் அழகைப் பற்றிப் பெருமை பேசும் மயிலாப்பூர் நண்பரிடம் மணலுக்கு வாடகை கேட்டு வருகிறேன். இதுவரை தரவில்லை.

கேள்வி: கோட்டைக்கு வெளியே முதலில் உருவான ஊர் இன்றைய ஜார்ஜ் டவுன்தானே?
– வண்ணாரப்பேட்டை வாசகர்

இல்லை. கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர்கள் 'கறுப்பர் நகரம்' என்றார்கள். அதில் முதலாவது இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அடிக்குப் பிறகு, எதிரி ஒளிந்துகொள்ள இடமிருக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டிய வீடுகளை ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். சென்னகேசவப் பெருமாளே இடம்பெயர்ந்து, தேவராஜ முதலி தெருவுக்கு வர வேண்டியதாயிற்று. வெட்டவெளியாக்கிய திடலின் எல்லையைக் குறித்த தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. பழம் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள்.

கேள்வி: ஆந்திரம் பிரிந்தபோது சென்னையும் கைவிட்டுப் போயிருக்குமாமே?
– கொருக்குப்பேட்டை வாசகர்

தனி மாநிலம் கோரிய ஆந்திரர்கள் சென்னையையும் கேட்டார்கள். ஆந்திர மாநிலம் கோரிப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்டது இந்த ஊரில்தான். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. எதிரே நின்றார். 1953 அக்டோபர் 1 அன்று கர்னூலைத் தலைநகராக்கிக்கொண்டு ஆந்திரம் தனி மாநிலமானது. எங்கள் தெருவில் அப்போது பாதி வீடுகளில் தெலுங்குதான் என்று அம்மா சொல்வார். அவர்களில் ஒருவரும் கர்னூலுக்கு மூட்டை கட்டவில்லையாம்.