கட்டு விலையா, கிலோ விலையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் மூன்று கறவை மாடுகள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் உருளைக் கட்டு வைக்கோல் 210 ரூபாய் என்கிறார் வியாபாரி. பொள்ளாச்சிப் பக்கம் சோளத்தட்டு கிலோ 17 ரூபாய். எதை வாங்கலாம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கட்டு விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அம்மா. இயந்திரம் இறுக்கிக் கட்டினால் ஒரு கட்டு 18 கிலோகூட வரும். தளர்த்திக் கட்டினால் 12 கிலோதான். லோடின் மேலே, நடுவே, அடியில் என்று பத்துக் கட்டு எடுத்து நிறுத்துச் சராசரி பாருங்கள். 14 கிலோ வந்தால் கிலோ 15 ரூபாய் ஆகிறது.

அடுத்தது ஈரம். நன்றாகக் காய்ந்த வைக்கோலில் 12 சதவீத ஈரம் இருக்கும். அப்படியானால் அந்த 14 கிலோவில் உலர்தீவனம் 12.3 கிலோ, அதன் விலை கிலோவுக்குச் சுமார் 17 ரூபாய். ஈரம் 20 சதவீதம் என்றால் 11.2 கிலோதான் தேறும். விலை 18 ரூபாய் 75 காசு. நன்றாகக் காய்ந்த சோளத்தட்டுக்கு இதே கணக்குப் போட்டால் 19 ரூபாய் சொச்சம். அதாவது வித்தியாசம் இரண்டு ரூபாய் சொச்சம்தான், ஈர வைக்கோலோடு ஒப்பிட்டால் அதுவும் இல்லை.

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். அதிலுள்ள சிலிகா என்ற மணற்சத்து செரிமானத்தைக் குறைக்கிறது, ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடுகிறது. சோளத்தட்டில் இந்தத் தொல்லை குறைவு. தீவனம் நறுக்கும் இயந்திரம் உங்களிடம் இருந்தால், கறவையில் உள்ள மாட்டுக்குத் தட்டையே வாங்குங்கள். நறுக்காமல் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும், போட்ட பணம் குப்பைக்குழிக்குப் போகும். தட்டிலும் தீவனத்துக்கென்றே நெருக்கி விதைத்த மெல்லிய தண்டைத் தேடுங்கள். கதிர் அறுத்தபின் மிஞ்சும் தடித்த தண்டுக்கு அந்த விலை கொடுக்க வேண்டாம். பால் வற்றிய மாட்டுக்கு வைக்கோல் போதும். தாது உப்புக் கலவையை மட்டும் எந்த மாட்டுக்கும் நிறுத்தாதீர்கள், நாளுக்கு 50 கிராம்.

கேள்வி: கட்டைப் பிரித்தால் நடுவில் வெள்ளைப் பூஞ்சை. வெயிலில் காயவைத்துப் போடலாமா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: கூடாது. வெயிலில் பூஞ்சை காயும், அது விட்ட நஞ்சு போகாது. பூஞ்சை பிடித்த நெல் வைக்கோலைத் தொடர்ந்து தின்ற மாடுகளுக்கு, முக்கியமாக எருமைகளுக்கு, காது நுனியும் வால் நுனியும் கறுத்து அழுகும்; குளம்புக்கு மேல் புண் வரும். டெக்னாலா நோய் என்பார்கள். அப்படி ஏதும் தெரிந்தால் அந்த வைக்கோலை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

அறுவடை இயந்திரம் போன வயலில் வைக்கோல் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும். அது காயும்முன் கட்டிவிட்டால் வெளிப்புறம் உலர்ந்து, உள்ளே புழுங்கிக்கொண்டே இருக்கும். லோடு இறக்கும்முன் இரண்டு கட்டையாவது கயிறு அறுத்து நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடு, புளித்த வாடை, உதறினால் தூசுபோல் பறக்கும் பொடி, இதில் எது இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

கேள்வி: எந்த மாதத்தில், எவ்வளவு வாங்கி வைப்பது?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: பிப்ரவரி, மார்ச். நம் பாலக்காட்டு இரண்டாம் போகமும் டெல்டாவின் சம்பா, தாளடியும் அடுத்தடுத்து அறுவடையாகிற காலம். வரத்தும் அதிகம், வெயிலும் இருக்கிறது. முதல் போக வைக்கோல் மழையோடு வருவதால் அதை நம்பி இருக்காதீர்கள். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ என்றால் மூன்று மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு 2,700 கிலோ, சேதாரம் சேர்த்து 3,000 கிலோ. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல்லோ மூங்கிலோ பரப்பி அடுக்குங்கள். தார்ப்பாய் வைக்கோலை ஒட்டிக் கிடக்கக் கூடாது, வியர்த்து மேல் அடுக்கு கெடும்.

கேள்வி: புரதம் கூட்ட வைக்கோலில் யூரியா தெளிப்பது ஆபத்தில்லையா?
– வாசகி, கோபாலபுரம்

பதில்: அளவு தவறினால் ஆபத்து. காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, தண்ணீர் 60 லிட்டர். முழுதும் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடுங்கள். ஓரம் திறந்திருந்தால் அம்மோனியா வெளியேறிப் பூஞ்சை பிடிக்கும். தினமும் வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து போடுங்கள். புரதம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியா கரைத்த பாத்திரத்தை மாடு எட்டாத இடத்தில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.