இரண்டு வரியோடு பூட்டப்படும் படலை

கேள்வி: லண்டனில் இருக்கிற மகன் செய்தி லிங்க் அனுப்புவான். தட்டினால் இரண்டு வரி தெரிகிறது, பிறகு எழுத்து மங்கி, சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி வந்து குந்துகிறது. மூடப் புள்ளடியும் இல்லை. காசு வேணுமென்றால் முதலே சொல்லலாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்)

பதில்: சொல்லமாட்டார்கள் மாஸ்டர். சொன்னால் நீங்கள் தட்டமாட்டீர்கள். முந்தி கூகிளில் தேடி வருகிறவருக்கு ஒரு நாளைக்குச் சில கட்டுரைகளையாவது முழுதாகக் காட்டவேணும் என்று கூகிள் ஒரு விதி வைத்திருந்தது, 2017 ஒக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கூகிளுக்கு முழுக் கட்டுரையும் தெரியும், உங்களுக்கும் எனக்கும் இரண்டு வரிதான்.

காசு கேட்பதில் எனக்குக் கோபமில்லை. செய்தியாளருக்கும் அடுப்பு எரியவேணும். ஆனால் கடையில் ஒரு நாள் பேப்பரை மட்டும் வாங்கலாம், அதையும் வாங்காதவர் சனசமூக நிலைய வாங்கில் இருந்து, பக்கத்தில் இருக்கிறவர் மரண அறிவித்தல் பக்கத்தை மடித்து வைக்கும்வரை பார்த்திருந்து வாசிக்கலாம். இங்கே ஒரு கட்டுரைக்காக மாதக் கணக்கில் டொலரில் கட்டு என்கிறார்கள். நான் ஒருமுறை ஒரு டொலர் சலுகையில் ஏமாந்தேன், எந்தப் பத்திரிகை என்று சொல்லமாட்டேன். சேருவதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்குப் போன் எடுக்கவேணும், அதுவும் அவர்களின் அலுவலக நேரத்தில். இங்கே சாமம். அதற்குள் இரண்டு மாதக் காசு கார்டில் போய்விட்டது.

கேள்வி: குறுக்கு வழி ஏதும் இல்லையா?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: இருந்தது. நியூயோர்க் ரைம்ஸ் 2011இல் மாதம் 20 கட்டுரை இலவசம் என்று தொடங்கி, அடுத்த வருசமே 10 ஆக்கியது. எத்தனை வாசித்தீர்கள் என்ற அந்தக் கணக்கு உங்கள் போனிலேயே குக்கி என்ற சின்னக் குறிப்பாக இருந்ததால் அதை அழித்துவிட்டு வாசித்தவர்கள் கனபேர். இப்போது பல இடங்களில் பெயர் பதிந்து உள்ளே வரச் சொல்கிறார்கள், கணக்கு அவர்களின் கையில். பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை பூட்டுப் போடாமல் கட்டுரைக்கு அடியில் உதவி கேட்கிறது, அது பரவாயில்லை. சந்தா கட்டினவர் மற்றவருக்குக் கட்டுரையைப் பரிசாக அனுப்பும் வசதியும் சில பத்திரிகைகளில் உண்டு. கொக்குவில் மாஸ்டர், மகனிடம் அப்படி அனுப்பச் சொல்லிப் பாருங்கோ. அவனும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு நாளும் அனுப்பினானோ தெரியாது.