நம் ஊரில் குழந்தை அம்மாவோடுதானே தூங்குகிறது, வெளிநாட்டில் ஏன் தனியாகப் போடச் சொல்கிறார்கள்? யார் சொல்வது சரி?

என் மகன் பிறந்தது இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டில். ஐந்தாம் மாதம் காரைக்குடி வந்தபோது அப்பத்தா வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பழைய கண்டாங்கிச் சேலையைத் தூளியாகக் கட்டி, துணி முகத்தில் மூடாமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டையும் செருகி வைத்திருந்தார். அங்கே தனித் தொட்டில் என்றதும், "பச்சப் புள்ளயக் கூண்டுலயா போடுவாக?" என்றார்.

அங்கே பயம் வேறு. நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். இதைத் திடீர் சிசு மரணம் (SIDS) என்கிறார்கள். ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே குப்புறப் படுக்க வைக்கச் சொன்னவர்கள்தான். 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் போடுங்கள்' என்று பிரசாரம் செய்த பிறகு இந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகின. அப்பத்தாவிடம் சொன்னேன். "குப்புறப் போட்டா மூச்சு முட்டாதா?" அவ்வளவுதான்.

பிராட்ஃபோர்டிலேயே பாகிஸ்தானிய வம்சாவளிக் குழந்தைகளிடம் இந்தச் சாவு வெள்ளைக்காரக் குழந்தைகளைவிடக் குறைவு. அந்தத் தாய்மார்கள் சிகரெட், மது தொடுவது அபூர்வம், குழந்தையும் அவர்கள் அறையிலேயே தூங்கும். நம் வீடு மாதிரிதான். அதற்காக நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பிரேதப் பரிசோதனை செய்து, படுத்த இடத்தையும் ஆராய்ந்தால்தான் திடீர் சிசு மரணம் என்று பெயரே வைக்க முடியும். இங்கே மாந்தம், தோஷம் என்று சொல்லி முடித்துவிடுவோம், கணக்கிலேயே வராது.

இன்னொன்று, அப்பத்தா பிள்ளைகளோடு படுத்தது ஆத்தங்குடிக் கல் தரையில், கோரைப்பாயில். நான் படுப்பது ஃபோம் மெத்தையில், ஏசிக்குக் கனத்த போர்வையோடு. பழக்கம் அதேதான், படுக்கை மாறிவிட்டதே! புதையும் மெத்தையும் தலையணையும்தான் மூச்சை அடைக்கும். சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வது அதைவிட மோசம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் ஒரே படுக்கை வேண்டவே வேண்டாம்.

தூளியிலும் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கும். அதனால் பகலில் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் தூளி, அதுவும் உறங்கும்வரைதான். அப்புறம் பாய்க்கு மாற்றிவிடுவேன். இரவில் என் பாய்க்குப் பக்கத்தில் அவனுக்குத் தனிப் பாய், மல்லாக்க, தலையணை இல்லாமல். கைக்கெட்டும் தூரம், ஆனால் ஒரே படுக்கை இல்லை. டாக்டர் சொன்னதும் அதுதான், அப்பத்தாவும் ஒத்துக்கொண்டார்.

தலையணையில் மட்டும் சமாதானம் ஆகவில்லை. நான் எடுத்து வைக்க, அவர் குட்டி இலவம்பஞ்சுத் தலையணையைத் திரும்பக் கொண்டுவர, கடைசியில் அதை என் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன்.