எலக்ட்ரிக் ஸ்டீயரிங் ஓடும்போது இறுகினால்?

காட்பாடி மேம்பாலத்தில் போகும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து ஸ்டீயரிங் இறுகியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பக் கைகொடுக்கும் மின் மோட்டாரின் உதவி நின்றிருக்கிறது, அவ்வளவுதான். சக்கரத்துக்கான இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். பலம் கொடுத்துத் திருப்பி ஓரம் கட்டலாம்.

ஸ்டீயரிங் தண்டுக்குள் டார்ஷன் பார் என்ற மெல்லிய கம்பி உண்டு. நீங்கள் திருப்பும்போது அது துளி முறுக்கிக்கொள்ளும். சென்சார் அந்த முறுக்கை அளக்க, கணினி வண்டியின் வேகத்தையும் பார்த்து மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஊர்ந்து திரும்பும்போது உதவி அதிகம். சென்னை நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் குறைத்துவிடும். இல்லையென்றால் வண்டி அலைபாயும்.

மோட்டாருக்கு மின்சாரம் சரியாக வராவிட்டாலும் உதவி நின்றுவிடும். அதனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது வோல்ட்மீட்டர் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். எனக்கும் இதே விளக்கு எரிந்தது. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, கிளாம்பை இறுக்கியதும் அணைந்துவிட்டது.