சாவி யார் இடுப்பில்?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு எந்நேரமும் பேய்ப்படம்தான். ஒரே கதையை மலையாளம், தமிழ், இந்தி என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். அப்புறம் மாடி ஏறப் பயந்து சாகிறாள். மாடியில் என் நாத்தனார் இருந்த அறை பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அவள் 11 வருஷத்துக்கு முன்னால் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு மார்த்தாண்டம் போய்விட்டாள். ஒரு பையன் இருப்பதாகக் கேள்வி. சாவி மாமனார் இடுப்பில் இருக்கிறது. மகளிடமிருந்து போனைப் பிடுங்கவா, மந்திரித்துக் கயிறு கட்டவா?
- ஒரு தாய், தக்கலை

பதில்: கயிறு வேண்டுமானால் கட்டுங்கள், கைக்கு அழகாக இருக்கும்.

‘நாத்தனார் இருந்த அறை’ என்று படித்ததும் செத்துப்போனவள் என்றே நினைத்தேன். அடுத்த வரியில் பார்த்தால் மார்த்தாண்டத்தில் குடித்தனம் நடத்துகிறாள்! இத்தனை எழுதியவர் அவள் பெயரை எழுதவில்லை.

மகள் பார்க்கும் கதை எதுவென்று தெரிகிறது. 1993-இல் வந்த மணிச்சித்திரத்தாழ். பெயரிலேயே பூட்டு. அதில் சில காட்சிகளை எடுத்ததே உங்கள் ஊருக்கு அடுத்தாற்போல, பத்மநாபபுரம் அரண்மனையில்தான். அதில் வரும் நாட்டியக்காரி நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழச்சி. 2005-இல் நாம் சந்திரமுகி எடுத்தபோது அவளை ஆந்திராக்காரி ஆக்கிவிட்டோம். 2007-இல் இந்திக்குப் போனாள், வங்காளியானாள். அவரவருக்குப் பேய் அடுத்த மொழிக்காரி. (1956 வரை மலையாளத்துக்காரர்களோடு ஒரே ராஜ்யத்தில் இருந்த நம் மாவட்டத்துக்காரர்கள் எந்தப் பக்கம் நின்று பயப்படுவது?) ஆனால் வேறொருவனை அவள் விரும்பியது, பெரிய மனிதர் விடாதது, கடைசியில் அறைக்குப் பூட்டு விழுந்தது, இதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

சினிமாக்காரர்களாவது பேய்க்கு அடுத்த ஊருக்குப் போனார்கள். நீங்கள் வீட்டில் பிறந்தவளையே ஆக்கிவிட்டீர்கள்.

அவள் போனபோது உங்கள் மகளுக்கு ஐந்து வயது இருக்குமா? தலை பின்னிவிட்ட அத்தை ஒருநாள் காணாமல் போகிறாள், மறுநாளிலிருந்து வீட்டில் யாரும் அவள் பேச்சே எடுப்பதில்லை. குழந்தை யாரிடம் கேட்கும்? இப்போது பதினாறு. நாளைக்கு நானும் ஒருத்தனை விரும்பினால் எனக்கும் இந்தப் பூட்டுதானா என்று மாடிப்படியில் நிற்கும்போதெல்லாம் தோன்றாதா? போனைப் பிடுங்கினால் இது போய்விடுமா?

‘பையன் இருப்பதாகக் கேள்வி’யாம். கேள்வியா! உங்கள் வீட்டுக்காரர் அவனுக்குத் தாய்மாமன். மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டியவர், கேள்விப்பட்டுக்கொண்டு இருக்கிறார். அப்பாவுக்குப் பயமா, தங்கை பங்கு கேட்பாள் என்று பயமா? சாதி பார்த்துத் தாய்மாமன் முறையைக் கைவிடுகிற ஆணை நான் மதிப்பதில்லை. அவரிடமே இதைப் படித்துக் காட்டுங்கள்.

மாமனாரிடம் சாவியை நீங்கள் கேட்காதீர்கள், அவர் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய் அறையைத் திறந்து ஒட்டடை அடியுங்கள். அவள் துணிமணி ஏதாவது கிடந்தால் வெயிலில் போட்டு மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போனதும், பையனுக்குக் காது குத்தியாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.